அம்மாவுக்குக் காதல் வந்தால் யாருக்குச் சிரிப்பு வரும்?

போன கோடை விடுமுறையில் அக்காவும் அவள் மகனும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பையன் அப்போதுதான் பிளஸ் ஒன் முடித்திருந்தான். ஒரு ராத்திரி மூன்று பேரும் உட்கார்ந்து 'கூகர் டவுன்' என்ற பழைய அமெரிக்க சிட்காமின் (நகைச்சுவைத் தொடர்) முதல் எபிசோடைப் போட்டோம். ஆரம்பத்திலேயே நாயகி ஜூல்ஸ் குளியலறைக் கண்ணாடி முன் நிற்கிறாள். முழங்கைத் தோலைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறாள். அது தொளதொளவென்று தொங்குகிறது. வயிற்றுச் சதையையும் ஒரு கை பிடித்துப் பார்க்கிறாள். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்குப் பாதிச் சிரிப்புதான் வந்தது. பையன் போனை எடுத்துக்கொண்டான்.

அப்புறம் ஜூல்ஸ், தன்னைவிட வெகுவாக இளையவன் ஒருவனோடு வீட்டுக்கு வருகிறாள். "சித்தி, வேற ஏதாவது போடுங்க" என்றான் பையன். "ஏன்டா, நல்லாத்தானே போகுது?" என்றாள் அக்கா. அவன் பதில் சொல்லாமல் தண்ணீர் குடிக்க எழுந்து போனான். திரும்பி வரவே இல்லை.

ஒரே காட்சி மூன்று பேரிடம் மூன்று விதமாகப் போய்ச் சேர்ந்தது எப்படி? இப்படிப்பட்ட கோடிக்கணக்கான மனிதர்களின் அபிப்பிராயத்தை ஒரு சேனல் எப்படி ஒற்றை எண்ணாக்குகிறது? இரண்டுக்கும் கொஞ்சம் அறிவியல் உண்டு.

முதலில் தொடரைப் பற்றி. பில் லாரன்ஸும் கெவின் பீகலும் உருவாக்கிய இது, 2009 செப்டம்பர் 23 அன்று ஏபிசி சேனலில் தொடங்கியது. ஜூல்ஸாக நடித்தவர் கோர்ட்னி காக்ஸ். ஃபுளோரிடாவில் வீடு, மனை விற்றுக் கொடுக்கும் தொழில் செய்பவள் ஜூல்ஸ். விவாகரத்தானவள். வயது நாற்பது, பள்ளியில் படிக்கும் மகன் ஒருவன். இருபதுகளில் சீக்கிரமே கல்யாணம், குழந்தை என்று போய்விட்டதால், விட்டுப்போன இளமையைப் பிடித்துவிடலாம் என்று இளைஞர்களோடு பழகிப் பார்க்கிறாள். கூகர் என்பது அமெரிக்கக் கண்டத்து மலைகளில் திரியும் பெரிய பூனையினம். தன்னைவிட இளைய ஆண்களைத் தேடும் நடுவயதுப் பெண்ணுக்கு அங்கே அது பட்டப்பெயர். இரை தேடும் மிருகம் என்ற கேலி அதற்குள்ளேயே இருக்கிறது.

இனி சிரிப்புக்கு வருவோம். கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் இருவரும் 2010-ல் ஒரு விளக்கம் சொன்னார்கள். தமிழில் 'தீங்கில்லா மீறல்' என்று சொல்லலாம். ஏதோ ஒரு விதி மீறப்பட வேண்டும். அதே நொடியில் அது ஆபத்தில்லாதது என்றும் மனதுக்குப் பட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் சிரிப்பு. அப்பா குழந்தையை மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார், குழந்தை கலகலவென்று சிரிக்கிறது. அதையே முன்பின் தெரியாத ஒருவர் செய்தால் வீறிட்டு அழுகிறது. தூக்கிப்போட்ட உயரம் ஒன்றுதான், பிடிக்கிற கைதான் வேறு. குழந்தையை மேலே போடாமல் சும்மா வைத்திருந்தாலும் சிரிப்பு வராது.

எது மீறல், எது தீங்கில்லாதது என்பதை ஒவ்வொரு மனமும் தன் இடத்தில் நின்று முடிவு செய்கிறது. அங்கேதான் தூரம் என்ற கணக்கு நுழைகிறது. பெரிய மீறல் தள்ளி நின்றால்தான் சிரிப்பைத் தரும், சின்ன மீறல் பக்கத்தில் இருந்தால்தான் தரும் என்று இதே குழு பின்னால் சோதித்துப் பார்த்தது. 2012-ல் அமெரிக்கக் கிழக்குக் கரையைத் தாக்கிய சாண்டி புயலைப் பற்றிய நகைச்சுவைகளை, நாள்கள் ஓட ஓட ஆட்களிடம் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். புயல் அடித்த சூட்டில் அவை எடுபடவில்லை. ஏறக்குறைய ஐந்து வாரம் கழித்து உச்சத்துக்குப் போயின. அதற்கப்புறம் சலித்துவிட்டன.

எங்கள் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். முழங்கைத் தோல் அக்காவுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கவலை, அதனால் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. பையனுக்கோ திரையில் நடந்தது ஒரு அம்மாவின் காதல். அவனுடைய அம்மா அரை அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். பெரிய மீறல், தூரம் சுத்தமாக இல்லை. ஓடிப்போகாமல் என்ன செய்வான்? தொடருக்குள்ளும் இதேதான் நடக்கிறது. ஜூல்ஸின் படம் போட்ட விற்பனைப் பலகைகளை மகனுடன் படிக்கும் பையன்கள் திருடிக்கொண்டு போகிறார்கள். பார்க்கிற நமக்கு வேடிக்கை, அந்த மகனுக்கு நரகம். எங்கள் வீட்டுப் பையன் பார்வையாளர் நாற்காலியை விட்டுவிட்டு அந்த மகனின் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டான்.

இன்னொன்று. இந்தத் தொடரில் பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. 1950-களில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர், பதிவு செய்த சிரிப்புகளைத் தேவையான இடத்தில் ஒலிக்கவிட ஒரு பெட்டியே செய்தார். அந்த ஒலியை மட்டமானது என்று திட்டுவது சுலபம். ஆனால் அது "பயப்படாதே, இது விளையாட்டு" என்று காதில் சொல்லிக்கொண்டே இருக்கும். அது இல்லாத இடத்தில் தீங்கானதா இல்லையா என்பதை ஒவ்வொருவரும் தனியாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அபிப்பிராயங்கள் இன்னும் சிதறுகின்றன.

சரி, சிரித்தவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காகச் சிரித்தார்களா? இதைப் பற்றி ஒரு பழைய ஆய்வு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 1971-ல் சிபிஎஸ் சேனலில் 'ஆல் இன் தி ஃபேமிலி' என்ற சிட்காம் தொடங்கியது. அதன் நாயகன் ஆர்ச்சி பங்கர், வாயைத் திறந்தால் இனவெறியும் பெண்களைப் பற்றிய மட்டமான பேச்சும்தான். அவரைக் கேலி செய்து பாரபட்சத்தைக் குறைப்பதுதான் தயாரிப்பாளரின் நோக்கம். நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் என்ற உளவியலாளர்கள் பார்வையாளர்களை ஆராய்ந்து 1974-ல் முடிவை வெளியிட்டார்கள். பாரபட்சம் குறைந்தவர்கள் ஆர்ச்சியைப் பார்த்துச் சிரித்தார்கள். பாரபட்சம் மிகுந்தவர்கள் ஆர்ச்சியோடு சேர்ந்து சிரித்தார்கள். கடைசியில் ஜெயிப்பது அவர்தான் என்றும் நினைத்தார்கள். இருவருக்கும் தொடர் பிடித்திருந்தது!

ஜூல்ஸின் முழங்கைக்கும் இந்தப் பிளவு உண்டு என்பது என் ஊகம். நாற்பது வயதுப் பெண்ணை முழங்கையை அளக்க வைத்த உலகத்தைப் பார்த்து ஒருத்தி சிரிக்கிறாள். "இந்த வயசில் இவளுக்கு இது தேவையா" என்று இன்னொருவர் சிரிக்கிறார். வெளியிலிருந்து கேட்டால் இரண்டும் ஒரே ஓசைதான்.

வயது வித்தியாசம் மட்டுமே உறுத்தல் என்றால் எல்லாப் பக்கமும் உறுத்த வேண்டுமே. இதே கோர்ட்னி காக்ஸ், 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் மோனிகாவாக வந்தபோது, இருபது வயதுக்கு மேல் மூத்த ரிச்சர்டைக் காதலித்தார். அவர் அப்பாவின் சிநேகிதர் வேறு. அதைத் தலைப்பில் போட்டு ஒரு மிருகத்தின் பெயர் சூட்ட யாருக்கும் தோன்றவில்லை. நம் சினிமாவில் ஐம்பதைத் தாண்டிய நாயகன் இருபத்தைந்து வயது நாயகியோடு டூயட் பாடினால் அது நகைச்சுவைப் பகுதியில் வருவதில்லை. மீறல் எது என்பதை விதி எழுதியவர்கள்தானே சொல்கிறார்கள்.

இப்படிச் சிதறிக் கிடக்கும் ரசனையை அளக்க முதலில் வந்த கருவிகளில் ஒன்று பச்சை, சிவப்புப் பொத்தான். 1930-களின் கடைசியில் பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஃபிராங்க் ஸ்டான்டன் என்ற ஆய்வாளர்கள் சேர்ந்து வானொலி நிகழ்ச்சிகளுக்காக அதைச் செய்தார்கள். பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு, ஒன்றும் தோன்றாவிட்டால் எதையும் அழுத்த வேண்டாம். நகரும் காகிதத்தில் கோடு விழும். பிறகு டிவி வந்ததும் லாஸ் ஏஞ்சல்ஸில் 'பிரிவியூ ஹவுஸ்' என்ற அரங்கில் கைக்குத் திருகு குமிழ் கொடுத்தார்கள். அங்கே ஒரு சாமர்த்தியம் செய்தார்கள்: புது நிகழ்ச்சியைப் போடும் முன் எல்லாக் கூட்டத்துக்கும் அதே பழைய மிஸ்டர் மகூ கார்ட்டூனைப் போட்டுக் காட்டுவார்கள். இன்றைக்கு வந்த கூட்டம் சிடுமூஞ்சியா, எதற்கும் சிரிக்கிற கூட்டமா என்று அதில் தெரிந்துவிடும். அதற்கேற்ப மதிப்பெண்ணைக் கூட்டிக் குறைத்துக்கொள்வார்கள். கடைக்காரர் வெறுந்தராசின் முள்ளைச் சரிபார்த்துவிட்டுச் சரக்கை வைப்பது மாதிரி.

இவ்வளவு செய்தும் இந்தச் சோதனைகள் புதுமாதிரியான எதையும் பார்த்தால் தடுமாறும். 'சைன்ஃபெல்ட்' தொடரின் முதல் எபிசோடுக்குச் சோதனையில் கிடைத்த முடிவு 'பலவீனம்'. அது பின்னால் அமெரிக்காவில் முதலிடத்தில் ஓடிய தொடர். காரணம் லேசானதுதான். பழக்கமில்லாத ஒன்றைக் கண்டு நெளிகிறவனும், சலித்துப் போனவனும் குமிழை ஒரே பக்கம்தான் திருகுகிறார்கள். சேனல்கள் அந்த நெளிவைக் கண்டு பயந்ததற்கும் கதை உண்டு. 1970-ல் 'மேரி டைலர் மூர் ஷோ' நாயகியை விவாகரத்தானவளாக வைக்கலாம் என்று எழுத்தாளர்கள் கேட்டபோது சிபிஎஸ் மறுத்துவிட்டது. முந்தைய தொடரில் நாயகி நடிகை மேரி டைலர் மூருக்குக் கணவராக நடித்த டிக் வான் டைக்கையே விவாகரத்து செய்துவிட்டாள் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்களாம். கடைசியில் நிச்சயதார்த்தம் முறிந்த பெண்ணாக மாற்றினார்கள்.

'கூகர் டவுன்' விஷயத்தில் தடுமாறியது தலைப்பு. முதல் எபிசோடை ஒரு கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். முதல் சீசன் பாதி ஓடுவதற்குள் எழுத்தாளர்கள் இளைஞர் வேட்டையைக் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டார்கள். அது நடுவயது நண்பர்கள் சேர்ந்து வைன் குடித்து வெட்டிக்கதை பேசும் தொடராகிவிட்டது. என்னைக் கேட்டால் பன்மடங்கு மேலான தொடர். ஆனால் வாசல் பலகையில் பழைய பெயர்தானே தொங்குகிறது! கூகர் கதை வேண்டும் என்று வந்தவர்கள் உள்ளே அது இல்லாததால் போய்விட்டார்கள். அந்தப் பெயரே பிடிக்காதவர்கள் உள்ளே வரவே இல்லை. லாரன்ஸ் பெயரை மாற்றப் பார்த்தார், நடக்கவில்லை. இரண்டாவது சீசனிலிருந்து டைட்டில் அட்டையிலேயே 'தப்பாகப் பெயர் வைக்கப்பட்ட' என்கிற மாதிரி கிண்டல்களைச் சேர்த்துத் தன் தொடரைத் தானே கேலி செய்துகொண்டிருந்தார்.

உளவியலில் இது தெரிந்த விஷயம். பெயர் முதலில் ஒரு சட்டகத்தைப் போட்டுவிடுகிறது, பார்ப்பதெல்லாம் அதற்குள் வந்து உட்காருகிறது. இதனால் பார்வையாளர் கருத்தில் ஒரு விசித்திரம் வந்துவிடுகிறது. விட்டுப் போனவர்கள் பிறகு கருத்துச் சொல்வதில்லை, கூடவே இருந்தவர்கள் மட்டும் "அருமை" என்கிறார்கள். பார்வையாளர் பாதிக்கும் கீழே குறைந்து, 2013-ல் டிபிஎஸ் என்ற கேபிள் சேனலுக்குத் தொடர் மாறியது. மிஞ்சியவர்களின் பாசமோ ஏறிக்கொண்டே போனது. மொத்தம் ஆறு சீசன், 102 எபிசோடு. 2015-ல் முடிந்தது. பொதுவாகவே மதிப்பெண் போட வருகிறவர்களில் ரொம்பப் பிடித்தவர்களும் அடியோடு பிடிக்காதவர்களும்தான் அதிகம். "பரவாயில்லை" என்று நினைத்தவர் எழுந்து தூங்கப் போய்விடுவார்.

ரேட்டிங் இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் வந்தது. கருத்துச் சொல்ல வருகிறவரை நம்பாமல், வீடுகளைத் தாமே தேர்ந்தெடுத்துக் கருவி மாட்டுகிறார்கள். அமெரிக்காவில் நீல்சன் நிறுவனம் 1987-லிருந்து பீப்பிள் மீட்டர் வைத்து அளக்கிறது, இந்தியாவில் 2015-லிருந்து பார்க் (BARC) என்ற அமைப்பு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதன் கணித வடிவம் இது. பானை எவ்வளவு பெரிது என்பது முக்கியமில்லை. ஆயிரம் பேரைச் சரியாகப் பொறுக்கினால் பிழை பெரும்பாலும் ஏறக்குறைய 3 சதவீதத்துக்குள் அடங்கும், நாலாயிரம் என்றால் பாதியாகும். ஊர் பத்து லட்சமோ பத்துக் கோடியோ, கணக்கு அதேதான். ஆனால் அடிபிடித்த பக்கமும் மேல்பக்கமும் சமமாகக் கிளறப்பட்டிருக்க வேண்டும்.

மீட்டர் இருக்கும் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான். டிவி முன் உட்கார்ந்தால் அழுத்த வேண்டும், எழுந்தால் மறுபடி அழுத்த வேண்டும். விருந்தாளிக்கும் பொத்தான் உண்டு. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் பதிந்துகொள்ளும். இப்படி வரும் எண்களில் அமெரிக்க விளம்பரதாரர்கள் பல காலம் துட்டு கொடுத்தது 18 முதல் 49 வயது வரையிலான எண்ணுக்குத்தான். நடுவயதுப் பெண்ணைப் பற்றிய தொடருக்கும் அளவுகோல் அதுவே. 1964-ல் பிறந்த கோர்ட்னி காக்ஸ், கடைசி சீசன் வருவதற்கு முன்பே ஐம்பதைத் தொட்டுவிட்டார். தன் தொடரைத் தானே உட்கார்ந்து பார்த்திருந்தாலும் அந்த எண்ணில் அவர் ஏறியிருக்க மாட்டார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் அந்த மீட்டர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். தண்ணீர் குடிக்கப் போகிறவன் பொத்தானையா தேடி அழுத்துவான்? கடைசி வரை மூன்று பேர் பார்த்ததாகத்தான் பதிவாகியிருக்கும். அப்புறம் வயதுச் சல்லடை. அக்காவுக்கு 51, கண்ணில் நீர் வரச் சிரித்தது கணக்கில் வராது. பையனுக்கு 16, அவன் ஓடிப்போனதும் வராது. மிஞ்சுவது நான் ஒருத்திதான். வயது 44, பாதிச் சிரிப்பு.