‘ஆட்கடத்தல்’ சரியான சொல்தானா?

ஆட்களை ஏமாற்றியோ மிரட்டியோ சேர்த்துச் சுரண்டும் ஹியூமன் டிராஃபிக்கிங் என்ற குற்றத்தைத் தமிழில் ஆட்கடத்தல் என்றே எழுதிப் பழகிவிட்டோம். எனக்கு இந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் இது பாதிக்கப்பட்டவரையே சந்தேகிக்க வைக்கிறது.

கட என்ற வினையிலிருந்து வந்தது கடத்து. ஒன்றைக் கடக்கச் செய்வது. கடவுச்சீட்டுக்கும் இதே வேர்தான். தங்கத்தை எல்லை தாண்டிக் கொண்டுவந்தாலும் கடத்தல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாலும் கடத்தல். அதனால் ஆட்கடத்தல் என்றதும் வாயைப் பொத்தி வண்டியில் ஏற்றும் காட்சிதான் மனதில் வருகிறது.

டிராஃபிக் என்ற சொல்லோ 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு, இத்தாலி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அன்றைக்கு அதன் பொருள் வணிகம், சரக்குப் போக்குவரத்து. சாலை நெரிசல் என்பதெல்லாம் பின்னால் வந்தது. மனிதரோடு இந்தச் சொல்லைச் சேர்த்து 1904இல் பாரிசில் நாடுகள் ஓர் உடன்பாடு செய்தன. அதன் பெயரே ‘வெள்ளை அடிமை வணிகம்’ பற்றியதுதான். வெள்ளைக்காரப் பெண்கள் மட்டும்தான் கண்ணில் பட்டார்கள் போல. 1921இல், ஐ.நா.வுக்கு முன்பிருந்த நாடுகளின் சங்கம் நிறத்தை நீக்கிவிட்டு, பெண்கள், குழந்தைகள் என்று மாற்றியது. 1949இல் ஐ.நா. உடன்படிக்கை வந்தபோது அது ‘ஆட்கள்’ ஆனது.

இன்று எல்லோரும் பிடித்துக்கொள்வது, இந்தக் குற்றத்தைத் தடுக்க 2000இல் ஐ.நா. ஏற்ற பாலெர்மோ நெறிமுறையை. அதன் வரையறையில் மூன்று இருக்கவேண்டும்: ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, தங்கவைப்பது போன்ற ஒரு செயல்; மிரட்டல், ஏமாற்று, இயலாமையைப் பயன்படுத்துவது போன்ற ஒரு வழி; சுரண்டும் நோக்கம். 18 வயதுக்குக் கீழ் என்றால் வழியை நிரூபிக்கவே வேண்டாம். எல்லை தாண்டியிருக்கவேண்டும் என்று வரையறையில் எங்குமே இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், அப்படி ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய சம்மதம் செல்லாது. காசு வாங்கிக்கொண்டு ஆளைத் திருட்டுத்தனமாக எல்லை தாண்டவிடுவது வேறு குற்றம், அதற்குத் தனி நெறிமுறையே இருக்கிறது. உண்மையில் கடத்தல் என்ற சொல் பொருந்துவது அதற்குத்தான்.

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பி, சொந்தப் பாஸ்போர்ட்டோடு பாங்காக்கில் இறங்கி, மியான்மரின் மியாவாடிப் பக்கம் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. ‘நீயாகத்தானே போனாய், யார் கடத்தினார்கள்?’ என்று அவர்களைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? முன்பணம் வாங்கிய கடனுக்காகச் சொந்த மாவட்டத்திலேயே செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்த இருளர் குடும்பங்களை யாரும் எந்த எல்லையும் கடத்தவில்லை. ஆனாலும் ஏமாற்றிச் சேர்த்து, வெளியே விடாமல் வேலை வாங்கியிருந்தால் வரையறைக்குள் அதுவும் வரும்.

சொல் தப்பினால் பாதுகாப்பும் தப்பிவிடும். பாலெர்மோ நெறிமுறை தங்குமிடம், மருத்துவம், சட்ட உதவி பற்றியெல்லாம் பேசுகிறது. ஐரோப்பிய மன்றத்தின் 2005 உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போய், மீண்டு வந்தவர் நிதானித்து முடிவெடுக்கக் குறைந்தது 30 நாள் தருகிறது, அதற்குள் அவரை நாடு கடத்தக்கூடாது. கட்டாயத்தால் செய்த குற்றத்துக்கு அவரைத் தண்டிக்காமலிருக்கவும் வழி செய்கிறது. ஆனால் அவரைப் பாதிக்கப்பட்டவர் என்று முதலில் அடையாளம் கண்டால்தான் இதெல்லாம் கிடைக்கும், விசா மீறியவர் என்று பார்த்தால் கிடைப்பது லாக்கப்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? என் தேர்வு ஆள்வணிகம். சிலர் மனித வணிகம் என்கிறார்கள், அதுவும் நல்லதே. வணிகம் என்றால் கௌரவமாக ஒலிக்கிறதே என்பார்கள்; ஆனால் ஆளுக்கு விலை என்பது நமக்குப் புதிதல்ல. சுந்தரரின் திருமணத்தில் கிழவர் வடிவில் வந்த சிவன், ‘நீ என் அடிமை’ என்று நீட்டியது ஆளோலை, அதாவது அடிமை ஓலை. பழைய அடிமை ஆவணங்களில், ஆளை விற்ற பத்திரத்துக்கு ஆள்விலைப் பிரமாணம் என்ற சொல்லே இருக்கிறது. ஆகவே டிராஃபிக்கிங் என்றால் ஆள்வணிகம், திருட்டுத்தனமாக எல்லை தாண்டவிடுவதற்கு எல்லைக் கடத்தல், தூக்கிச்செல்வதற்கு மட்டும் ஆட்கடத்தல் என்று பிரித்து எழுதலாம்.