கொட்டகைக்குக் கரண்ட் இழுப்பதற்கு முன்னால்

கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு வீடு. பின்னால் தோட்டம், தோட்டத்துக் கடைசியில் தகரக் கொட்டகை போட்டு தச்சுப் பட்டறை. வீட்டுக்காரரின் அம்மாதான் என்னை உள்ளே கூட்டிப்போனார். "தம்பி, இவன் பின்னாடி மெஷின் போட்டா இங்க லைட்டெல்லாம் கண்ண மூடித் தொறக்குது. கிரைண்டர் முனகுது. மீட்டர் கோளாறான்னு கொஞ்சம் பாருப்பா" என்றார்.

மீட்டரில் ஒன்றும் இல்லை. மெயின் போர்டில் வோல்ட் மீட்டரை வைத்துக்கொண்டு மகனை மெஷினைப் போடச் சொன்னேன். 2 எச்.பி. இழைப்பு மெஷின், சிங்கிள் பேஸ். 216 காட்டிக்கொண்டிருந்த முள் சட்டென்று 205க்கு இறங்கி ஏறியது. அதையே கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன்: 175. வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டரில் அந்த நேரத்தில் 50 ஆம்பியர். மெஷின் வேகம் பிடித்ததும் 11க்கு வந்து நின்றுவிட்டது.

வீட்டிலிருந்து கொட்டகைக்கு 40 மீட்டர். இழுத்திருந்தது ரெண்டரை ஸ்கொயர் (2.5 சதுர மி.மீ.) காப்பர் வயர். நல்ல கம்பெனி வயர்தான். 11 ஆம்பியருக்கு ரெண்டரை போதும் என்று போட்டவர் நினைத்திருப்பார். வயர் சூடாகாது என்ற அளவில் அது சரி. தூரத்தைத்தான் விட்டுவிட்டார். ரெண்டரை ஸ்கொயர் காப்பருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம். போக 40, வர 40, மொத்தம் 80 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.6 ஓம். மோட்டார் கிளம்பும்போது 50 ஆம்பியர் இழுத்தால் அந்த வயரே 30 வோல்ட்டைத் தின்றுவிடுகிறது. மோட்டாரின் இழுவை வோல்டேஜ் குறைவதைவிட வேகமாகக் குறையும். 230 வர வேண்டிய இடத்தில் 175 வந்தால், கிளம்பும் பலம் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் மிஞ்சும். மெஷின் உறுமிக்கொண்டே நிற்கும், உள்ளே உள்ள கம்பிச்சுருள் சூடேறும். "ரெண்டு தடவை கப்பாசிட்டர் மாத்திட்டேண்ணே" என்றார் மகன். மோட்டார் கிளம்பக் கைகொடுக்கும் கப்பாசிட்டர் என்ன பாவம் செய்தது!

அதே தூரத்துக்கு 10 ஸ்கொயர் போட்டால் கிளம்பும்போது 7, 8 வோல்ட்தான் போகும். விலை கூடத்தான். ஆனால் குழி ஒரு தடவைதான் வெட்டப்போகிறோம்.

வீட்டு போர்டிலேயே 11 வோல்ட் இறங்கியதே, அது தனிக் கதை. கட்அவுட்டை (ஃப்யூஸ் பெட்டியை) திறந்தால் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப்போகும் வயரின் ஸ்க்ரூ லூஸ், மேலே பச்சையாகப் பூத்திருந்தது. நம் ஊர் உப்புக்காற்றுக்கு இது வழக்கம். சிங்கிள் பேஸில் இப்படியிருந்தால் லைட் மங்கும், அந்த ஸ்க்ரூவும் சூடேறும். த்ரீ பேஸ் வீட்டில் நியூட்ரல் கழன்றால், ஒரு பேஸில் லோடு குறைவாக இருக்கும் நேரம் பார்த்து அதிலுள்ள டி.வி.க்கும் ஃபிரிட்ஜுக்கும் 300 வோல்ட்டுக்கு மேல்கூட ஏறும். வருடத்துக்கு ஒருமுறை லைனை நிறுத்தி ஸ்க்ரூக்களை இறுக்கச் சொல்லுங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் லோடு எழுதும்போது வீட்டை மட்டும் எழுதித் தருகிறார்கள். ஒன்றரை டன் ஏ.சி., 2 கிலோவாட் கீசர், தண்ணீர் மோட்டார். பட்டறை 'அப்புறம் பார்த்துக்கலாம்'. அந்த அப்புறத்தில் ஒரு கம்ப்ரெசர், ஒரு வெல்டிங் செட், ஒரு கட்டிங் மெஷின் வரும். இரண்டு எச்.பி.க்கு மேல் மோட்டாரோ வெல்டிங்கோ வரும் என்றால் முதலிலேயே த்ரீ பேஸ் கேளுங்கள். 3 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார் ஒவ்வொரு பேஸிலும் 5 ஆம்பியர் அளவில்தான் எடுக்கும். விளக்கு மங்கும் தொல்லையும் பெரும்பாலும் இருக்காது.

கூலிக்கு வேலை எடுத்துச் செய்கிற பட்டறை என்றால் வீட்டு சர்வீஸிலிருந்து இழுக்கவே கூடாது, அதற்குத் தனி சர்வீஸ், தனிக் கட்டண வகை. பிடிபட்டால் 2003 மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் அந்தக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்து. இரண்டு சர்வீஸ் வந்தபிறகு ஒன்றின் நியூட்ரலை இன்னொன்றில் கலக்காதீர்கள். ட்ரிப்பர் (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.) காரணமே இல்லாமல் விழுவதாகப் புலம்பும் வீடுகள் சிலவற்றில் நான் கண்டுபிடித்தது இதைத்தான். பாகூர் பக்கத்து ஆட்களுக்கு: உங்களுக்குப் புதுச்சேரி மின்துறை. விண்ணப்பமும் கட்டணமும் வேறு, வயரின் கணக்கு ஒன்றுதான்.

கம்பம் நட்டு மேலே இழுத்துவிடலாமே என்று கேட்பார்கள். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடந்தபோது கடலூரில் இருந்தவர்கள் கேட்க மாட்டார்கள். தென்னையும் முந்திரியும் விழுந்த இடத்தில் எந்தக் கம்பி நிற்கும்? இரும்புக் கவசம் சுற்றிய ஆர்மர்டு கேபிள் வாங்கி 75 சென்டிமீட்டர் ஆழத்தில், கீழும் மேலும் மணல் போட்டு, மேலே செங்கல் அடுக்கிப் புதையுங்கள். நாளைக்கு வாழைக்குப் பள்ளம் எடுப்பவரின் கடப்பாரை முதலில் செங்கல்லில் படட்டும்.

எர்த் விஷயத்தில்தான் நான் வாய்ச்சண்டைக்கே போவேன். "கொட்டகைக்குத் தனியா எர்த் குழி போட்டாச்சு சார், போதும்" என்பார்கள். போதாது. அந்தக் குழி 5 ஓம் காட்டுகிறது என்று வையுங்கள். இங்கே மேல் மணல் சித்திரை வெயிலில் காய்ந்துவிட்டால் ஓம் இன்னும் கூடிவிடும். மெஷினின் இரும்பு உடம்பில் பேஸ் தொட்டால் 230ஐ 5ஆல் வகுங்கள், 46 ஆம்பியர். 32 ஆம்பியர் சி டைப் எம்.சி.பி. (கரண்ட் அளவுமீறினால் தானாக விழும் சுவிட்ச்) உடனே விழ வேண்டுமானால் 160க்கு மேல் வேண்டும். 46இல் அது விழ ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை மெஷின் உடம்பில் கரண்ட், அதன்மேல் வியர்த்த கை. ஆகவே வீட்டு எர்த்திலிருந்து கேபிளோடு சேர்த்து ஒரு எர்த் வயர் வர வேண்டும், கொட்டகையிலும் ஒரு எர்த் வேண்டும், இரண்டையும் இணைக்க வேண்டும், கொட்டகை பாக்ஸில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். நியூட்ரல் வரவில்லை என்று எர்த்தை நியூட்ரலாக மாட்டுகிற 'கைவேலை' செய்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பாக்ஸ் எந்த உயரம்? சுவரில் 2015 வெள்ளத்தின் கோடு இன்னும் தெரிந்தால் அதற்கு மேல். 2024 டிசம்பரில் ஃபெஞ்சலுக்குப் பிறகு தென்பெண்ணை வந்து நின்ற கோடு அதைவிட உயரம் என்றால் அதற்கும் மேல். எட்டாத உயரமாகவும் வேண்டாம். மெஷினில் சட்டை மாட்டிக்கொண்டால் உடனே கைக்கு எட்டுகிற தூரத்தில் சுவிட்ச் இருக்கணும்.

நெல்லிக்குப்பம் வீட்டில் தனி சர்வீஸ் வந்தது. மீட்டர் வீட்டு முகப்பில்தான் என்பதால் கேபிள் அதே தோட்டத்து வழியாகத்தான் போனது. குழியை மூடும் முன் பக்கத்தில் ஒரு காலி ஒன்றரை இன்ச் பைப்பையும் படுக்க வைத்து, உள்ளே ஒரு நைலான் கயிறைவிட்டு இரண்டு பக்கமும் முடிந்துவைத்தேன். "இது எதுக்குண்ணே, தண்டச் செலவு?" என்றார் மகன். போன மாதம் கொட்டகைக்குக் கேமரா வயர் இழுக்கக் கூப்பிட்டார். கயிற்றில் வயரைக் கட்டி அவர் அந்தப் பக்கம் இழுக்க, நான் இந்தப் பக்கம் விட்டுக்கொடுத்தேன். அம்மா கொண்டுவந்த காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.