சிந்தெடிக் ஆயில்: செயற்கையா, தொகுப்பா?

காரைக்குடியில் செக்காலைச் சாலை என்றொரு சாலை உண்டு. செக்கு, ஆலை என்னும் இரு சொற்கள் சேர்ந்தது அந்தப் பெயர். எண்ணெய் ஆட்டும் இடம் என்பது அதன் நேர்ப்பொருள். அந்தச் சாலையில் உள்ள ஓர் உதிரிபாகக் கடையில் அண்மையில் நான் நின்றிருந்தபோது, எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர், "தம்பி, சிந்தெடிக்குன்னா செயற்கைதானே? நம்ம வண்டிக்கு அசலையே குடுங்க" என்றார். கடைக்காரரோ, "ஐயா, அதுதான் ஒசத்தி, விலையப் பாருங்க, தெரியும்" என்று பதில் சொன்னார். பெரியவர் சொல்லின் தமிழாக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தவறு செய்தார். கடைக்காரர் விலைச்சீட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தவறு செய்தார். இருவருக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட அந்தச் சொல்லைத்தான் இங்கே ஆராய வேண்டியிருக்கிறது.

முதலில் 'ஆயில்'. ஆங்கிலச் சொல்லான இது பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீனின் 'ஓலியம்' என்ற சொல்லுக்கும், அதற்கு முன் கிரேக்கத்தின் 'எலாயோன்' என்ற சொல்லுக்கும் போய்ச் சேர்கிறது. 'எலாயா' என்றால் ஒலிவ மரம். ஆகவே ஆயில் என்பதன் முதற்பொருள் ஒலிவத்தின் நெய் என்பதேயாகும். நம் 'எண்ணெய்'யின் கதையும் அச்சு அசலாக இதுவே. எள் என்பதோடு நெய் சேரும்போது ளகரமும் நகரமும் திரிந்து எண்ணெய் ஆகிறது. எள்ளின் நெய் மட்டுமே ஒரு காலத்தில் எண்ணெய். பிறகு தேங்காயின் நெய்யும் ஆமணக்கின் நெய்யும் இலுப்பையின் நெய்யும் அதே பெயரை வாங்கிக்கொண்டதால், உரிமைக்காரனான எள்ளின் நெய்க்குத் தன்னை வேறுபடுத்திக் காட்ட 'நல்லெண்ணெய்' என்று ஓர் அடைமொழி தேவைப்பட்டது. பூமிக்கடியிலிருந்து வந்த சரக்கும் 'மண்ணெண்ணெய்' என்றும், சீமையிலிருந்து வந்ததால் 'சீமெண்ணெய்' என்றும் இதே குடும்பத்தில் சேர்ந்தது. பெட்ரோலியம் என்ற சொல்லும் பாறை, எண்ணெய் என்ற இரு சொற்களின் கூட்டுதான் என்பதால், மண்ணெண்ணெய் என்று பெயர் வைத்தவர் எவராயினும் அவருக்கு மொழியறிவு குறைவில்லை.

செட்டிநாட்டாருக்கு இந்த மண்ணெண்ணெய் வெறும் கடைச்சரக்கு அன்று. இரங்கூனிலும் ஐராவதி ஆற்றுப் பகுதிகளிலும் கடை வைத்திருந்த குடும்பங்கள் இங்கே ஊருக்கு ஊர் இருந்தன. அந்தப் பர்மாவின் ஏனாஞ்சவுங் எண்ணெய் வயல்களை நம்பித்தான் 1886-ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் பர்மா ஆயில் கம்பெனி பதிவாயிற்று. அந்தக் கம்பெனியே 1966-இல் காஸ்ட்ரால் நிறுவனத்தை வாங்கியது. காஸ்ட்ரால் என்ற பெயரோ 'காஸ்டர்' எண்ணெயிலிருந்து, அதாவது நம் ஆமணக்கெண்ணெயிலிருந்து வந்தது. முதல் உலகப்போர்க் கால விமானங்களின் சுழல் என்ஜின்களுக்கு ஆமணக்கெண்ணெயைத்தான் ஊற்றினார்கள். விளக்குக்கும் வயிற்றுக்கும் மட்டுமே உரியது என்று நாம் நினைத்திருந்த விளக்கெண்ணெய் வானத்தில் பறந்த வரலாறு அது.

ஆமணக்கெண்ணெயைச் சுழலும் அச்சுக்கு இடும் வழக்கம் நமக்குப் புதியதன்று. பழனிக்குக் காவடியோடு நடந்து போகும் நகரத்தாருடன் சென்ற மாட்டு வண்டிகளின் அச்சுக்கும் பிற வண்டிகளின் அச்சுக்கும் இட்ட கருமைக்கு 'மசகு' என்று பெயர். எண்ணெயோடு வைக்கோற்கரியைக் குழைத்து அதைச் செய்வார்கள். என் ஐயா வண்டியின் அடியில் அதற்கென்றே ஒரு மூங்கில் குழலைத் தொங்கவிட்டிருந்தார்; அதைத் தொட்ட கையோடு வேட்டியைத் தொட்டால் அப்பத்தாவிடம் தப்ப முடியாது. இந்தப் பழஞ்சொல்லைக் கொண்டுதான் 'மசகெண்ணெய்' என்று சொல்கிறோம். ஆனால் இலங்கைத் தமிழ்ச் செய்தித்தாள்களில் 'மசகு எண்ணெய் விலை உயர்ந்தது' என்று இருந்தால், அங்கே பொருள் வேறு. நாம் கச்சா எண்ணெய் என்பதை அவர்கள் அப்படி அழைக்கிறார்கள். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே பாடநூல்கள் 'உயவு' என்ற சொல்லை எடுத்துக்கொண்டன போலும். உயவு என்றால் சங்கத் தமிழில் வருத்தம். 'உயவுநோய் அறியாது துஞ்சும் ஊர்க்கே' என்பது குறுந்தொகையில் ஔவையார் பாடியது. உராய்வைத் தணிக்கும் பொருளுக்கு வருத்தத்தின் பெயர் எப்படி வந்தது என்று கேட்பவர், எண்ணெய் வற்றிய என்ஜினின் ஓசையை ஒருமுறை கேட்டால் போதும்.

இனி 'சிந்தெடிக்'. கிரேக்கத்தில் 'சின்' என்றால் உடன், 'திதெனாய்' என்றால் வைத்தல். உடன்வைத்தல், ஒன்றுகூட்டல் என்பதே 'சிந்தெசிஸ்'. பிரித்துப் பார்ப்பதற்கு எதிர்ச்சொல் அது. போலி, மட்டம், அசலுக்கு மாற்று என்ற பொருள் இதன் வேரில் எங்குமே இல்லை. தமிழில் இந்த ஒரே சொல்லை மூன்று விதமாகப் பெயர்த்திருக்கிறோம்: இலைகள் உணவு தயாரிப்பதை 'ஒளிச்சேர்க்கை' என்கிறோம், நைலானைச் 'செயற்கை இழை' என்கிறோம், வேதியியலார் சிறு மூலக்கூறுகளைக் கூட்டிப் பெரியதாக்குவதைத் 'தொகுப்பு' என்கிறார்கள். சேர்க்கை என்றபோது எவரும் ஐயப்படவில்லை. செயற்கை என்றவுடன்தான் பெரியவரின் முகம் சுளித்தது.

அந்தச் சுளிப்பும் பிற்காலத்தது. 'செயற்கை அறிந்தக் கடைத்தும்' என்று குறள் சொல்லும்போது அது செயல்முறையையே குறிக்கிறது. தொல்காப்பியமோ இன்னும் நுட்பமாகப் பேசுகிறது. இயற்கைப் பொருளை 'இற்று' என்று, அதாவது இத்தன்மையது என்று, அப்படியே சொன்னால் போதும். செயற்கைப் பொருளை மட்டும் ஆக்கச் சொல் சேர்த்துக் கூற வேண்டும். அந்த ஆக்கத்துக்கு முன்னால் காரணமும் வர வேண்டும் என்பது சொல்லதிகாரத்தின் விதி. கடுவும் கைபிழி எண்ணெயும் பெற்றதால் மயிர் நல்லவாயின என்பது இதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. நல்லது என்று சொல்லிவிட்டு நிறுத்தக் கூடாது. எதனால் நல்லதாயிற்று என்றும் சொல்ல வேண்டும். என்ஜின் ஆயில் டப்பாவின் முகப்பில் 'ஃபுல்லி சிந்தெடிக்' என்று கொட்டை எழுத்தில் அச்சிடும் எவரும் இந்த விதியைப் பின்பற்றுவதில்லை.

அந்தக் காரணத்தை நாமே பார்ப்போம். என்ஜின் ஆயிலில் பெரும்பங்கு அடிப்படை எண்ணெய். எஞ்சியவை அழுக்கைக் கரைத்து வைப்பவை, தேய்மானத்தைத் தடுப்பவை, நுரையை அடக்குபவை என்று பலவகைச் சேர்மானங்கள். அடிப்படை எண்ணெயை அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமாகிய ஏ.பி.ஐ. ஐந்து தொகுதிகளாகப் பிரித்திருக்கிறது. முதல் இரண்டும் கச்சா எண்ணெயை வடித்துச் சுத்திகரித்தவை. கடையில் 'மினரல்' என்று கேட்டால் பெரும்பாலும் இவையே கிடைக்கும். நான்காவது பாலி ஆல்ஃபா ஓலிஃபின்: எத்திலீனிலிருந்து பத்துக் கார்பன் அணுக்கள் கொண்ட டெசீனை உண்டாக்கி, அந்த டெசீன் மூலக்கூறுகளை மூன்று, நான்காகக் கோத்து உருவாக்குவது. சொல்லின் வேர்ப்பொருளுக்கு முற்றிலும் பொருந்தும் தொகுப்பு இதுதான். ஐந்தாவது தொகுதியில், அமிலமும் ஆல்ககாலும் சேர்ந்து உண்டாகும் எஸ்டர்கள் முதலியவை அடங்கும். ஐயாவின் மூங்கில் குழலுக்குள் இருந்த ஆமணக்கெண்ணெயும் வேதியியல் கணக்கில் ஓர் எஸ்டரே என்பதால், ஜெட் விமானத்துக்கு ஊற்றும் நவீன எஸ்டர் எண்ணெய் அதற்குத் தூரத்துப் பங்காளி முறை. சூட்டில் கெட்டுப் பிசினாகப் படியும் குணம் ஆமணக்குக்கு உண்டு. தொகுத்த எஸ்டருக்கு அது மிகக் குறைவு.

தகராறு மூன்றாவது தொகுதியில் இருக்கிறது. கச்சா எண்ணெயின் கனமான பகுதிகளை உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு வினையூக்கியின் மேல் செலுத்தி, மூலக்கூறுகளை உடைத்து, மறுபடி ஒழுங்காக அமைத்து இதைப் பெறுகிறார்கள். கிரேக்கச் சொல்லைக் கண்டிப்பாகப் பிடித்தால் இது தொகுப்பைவிடப் பகுப்புக்கே நெருக்கம். இதைச் சிந்தெடிக் என்று விற்கலாமா என்று மொபில் நிறுவனம் காஸ்ட்ராலின் மேல் வழக்குப்போல் ஒரு முறையீட்டைக் கொண்டுபோயிற்று. 1999-இல் அமெரிக்காவின் தேசிய விளம்பர ஆய்வுப் பிரிவு காஸ்ட்ராலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து அந்தச் சொல் தயாரிப்பு முறையின் பெயராக இல்லாமல் தரத்தைச் சொல்லும் விற்பனைச் சொல்லாகிவிட்டது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இயற்கை எரிவாயுவை உடைத்து, அதிலிருந்து ஒவ்வொரு கண்ணியாகக் கட்டும் எண்ணெய் உண்மையான தொகுப்பாக இருந்தும், பட்டியலில் மூன்றாம் தொகுதியில்தான் கிடக்கிறது. ஆகவே தொகுதி எண்ணைக் கொண்டு சொல்லின் பொருளை முடிவு செய்வதும் சரிப்படாது.

முறை எதுவாயினும் பயன் என்ன என்ற கேள்விக்கு, மூலக்கூறுகள் ஒரே சீராக இருப்பது என்பதே விடை. மெழுகுத்தன்மையும் கந்தகமும் நீங்கிய எண்ணெய் சூட்டில் மெதுவாகவே கெடும். ஆவியாகிக் குறைவதும் டர்போ போன்ற கொதிக்கும் இடங்களில் கரியாகப் படிவதும் குறையும். வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் அதன் தடிப்பு அவ்வளவாக மாறாது. இந்தக் கடைசிக் குணத்துக்கு எண் கொடுத்தவர்கள் எண்ணெய் ஆய்வாளர்களான டீனும் டேவிஸும். 1929-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா எண்ணெயை நூறு என்றும் மெக்சிகோ வளைகுடாக் கரை எண்ணெயைச் சுழியம் என்றும் வைத்து ஓர் அளவுகோலைச் செய்தார்கள். மூன்றாம் தொகுதியில் சேர அந்த எண் 120-ஐ எட்ட வேண்டும்.

தடிப்பு என்று இங்கே நான் சொன்னதற்கு நம் பாடநூல் தரும் சொல் 'பாகுநிலை'. தமிழாக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று இது. செட்டிநாட்டுப் பலகாரமான மனகோலத்துக்குப் பாகு காய்ச்சும் ஆச்சி எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சூட்டில் ஓடுவதும் ஆறினால் கெட்டிப்படுவதும் பதம் தவறினால் மொத்தமும் வீணாவதும் அவர் அறிந்தவையே. டப்பாவின் மேல் இருக்கும் '5டபிள்யூ-30' என்பதும் பதத்தைச் சொல்லும் குறியீடுதான். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து, எடையைக் குறிப்பதன்று. 5டபிள்யூ என்றால் உறைநிலைக்கு 30 டிகிரி கீழேயும் என்ஜினைச் சுழற்ற விடும் என்று பொருள். 20டபிள்யூவுக்கு அந்தச் சோதனை 15 டிகிரி கீழே. பின்னால் உள்ள 30 என்பது 100 டிகிரி சூட்டில் அதன் பாகுநிலை, சென்டிஸ்டோக் என்ற அளவையில், 9.3-க்குக் குறையாமலும் 12.5-ஐ எட்டாமலும் இருப்பதைக் காட்டும். சாதாரண நீரின் பாகுநிலை இந்த அளவையில் ஏறத்தாழ ஒன்று என்று வைத்துப் பார்த்தால் கணக்குப் புரியும். மார்கழி அதிகாலையிலும் 20 டிகிரிக்கு வெகு கீழே இறங்காத செட்டிநாட்டில் முதல் எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருள் குறைவு. இரண்டாம் எண்ணையும் தரக்குறியையும் வண்டியோடு வந்த கையேட்டில் உள்ளபடி பார்த்து வாங்குவதே முறை.

தரக்குறி ஏன் முக்கியம் என்பதை நான் கைப்பொருள் செலவழித்துக் கற்றேன். காருக்கு வாங்கிய விலையுயர்ந்த சிந்தெடிக் எண்ணெயில் ஒரு லிட்டர் மிஞ்சியிருந்தது. 'உயர்ந்த சரக்குத்தானே, ஊத்துங்கண்ணே' என்று மெக்கானிக்கிடம் சொல்லி மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றச் செய்தேன். ஒரு வாரத்தில், பிள்ளையார்பட்டி போகும் வழியில், பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு முறுக்கினால் என்ஜின் கத்தியதேயன்றி வண்டி நகர மறுத்தது. மோட்டார் சைக்கிளில் கிளட்சுத் தட்டுகளும் அதே எண்ணெயில்தான் ஊறிக் கிடக்கின்றன. கார் எண்ணெயில் எரிபொருளை மிச்சப்படுத்தச் சேர்க்கும் வழுக்குச் சேர்மானம் அவற்றை ஒன்றையொன்று பிடிக்க விடாது. ஜப்பானிய ஜாசோ தரத்தில் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று குறித்த எண்ணெயே கியர் வண்டிக்கு உரியது; கிளட்சு எண்ணெயில் ஊறாத ஸ்கூட்டருக்கு எம்.பி. போதும். அதைப் போலவே, புகைவடிகட்டி பொருத்திய இன்றைய டீசல் கார்களுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் வேண்டும். எவ்வளவு உயர்ந்த சிந்தெடிக்காக இருந்தாலும் சாம்பல் மிகுந்தால் அந்த வடிகட்டி அடைபடும்.

ஆயுளைப் பற்றியும் ஒரு சொல். வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டியின் என்ஜின் முழுச்சூட்டை எட்டுவதற்குள் நின்றுவிடுகிறது. எரிந்த வாயுவின் ஈரமும் எரியாத பெட்ரோலும் எண்ணெயிலேயே தங்கிவிடுகின்றன. சிந்தெடிக் என்பதற்காக அங்கே மாற்றும் காலத்தைத் தள்ளிப்போடக் கூடாது. நம் செம்மண் புழுதியைத் தடுப்பது எண்ணெயன்று, காற்று வடிகட்டி. பழைய வளவு வீட்டு முகப்பில் நிற்கும் அம்பாசிடருக்கு, அதன் காலத்துக் கையேடு சொன்ன தடிப்பில் மினரல் எண்ணெயை ஊற்றி உரிய காலத்தில் மாற்றினால் குறைவேதும் இல்லை.

சரியான தமிழ்ச்சொல் எது என்றால், என் தேர்வு 'தொகுப்பு உயவெண்ணெய்'. பேச்சில் 'தொகுப்பெண்ணெய்' என்று சுருக்கலாம். செயற்கை எண்ணெய் என்பது இலக்கணப்படி பிழையில்லாவிட்டாலும், இன்றைய காதில் செயற்கைப் பல், செயற்கைப் பூ என்ற வரிசையில் போய் நின்றுவிடுகிறது. 'செமி சிந்தெடிக்' என்பதைப் பாதித் தொகுப்பு என்று பெயர்ப்பது தவறு; அதில் தொகுப்பெண்ணெய் இத்தனை பங்கு இருக்க வேண்டும் என்று அந்தப் பெயர் எதையும் சொல்வதில்லை, சரிபாதி இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அதைக் 'கலப்பு உயவெண்ணெய்' என்பதே பொருந்தும்.