தண்ணீர் குடிக்கும் நகம்

"தை மாசம் பிள்ளைக்கு கல்யாணம். அதுக்குள்ள இந்த நகத்த கொஞ்சம் சீராக்கித் தருவியா பிள்ளே? பார்லருக்குப் போய் கையை நீட்ட வெக்கமா இருக்கு." போன ஆவணியில் மைனி இப்படிக் கேட்டு இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்து வைத்தார்.

அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், பதினைந்து வருடம் அண்டி தல்லிய கை. வறுத்த முந்திரிக் கொட்டையைத் தட்டி உடைத்து, பருப்பு நொறுங்காமல் எடுக்கிற வேலை. அந்தத் தோட்டில் ஊறியிருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலம், கார்டால் என்ற பொருள்கள் உண்டு. தோலில் பட்டால் பொள்ளும், கறுக்கும். அதனால் பெண்கள் சாம்பலையோ எண்ணெயையோ கையில் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர்களிலும், அந்தப் பக்கம் கொல்லம் வரையிலும், இப்படிக் கறை ஏறிய கைகள் எத்தனையோ ஆயிரம். மைனி வேலையை விட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பத்து நகமும் கறுத்து, நுனியில் ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தது.

மார்த்தாண்டம் பேன்சி கடையில் ஒரு செட்டு வாங்கினேன். ரெக்ஸின் உறைக்குள் பளபளவென்று பன்னிரண்டு சாமான். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததில் மூன்றைத்தான் மைனியின் கையில் வைக்க மனம் ஒப்பியது. ஏன் என்று சொல்ல, நகம் எப்படிப்பட்ட பொருள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நகம் உயிரில்லாத தகடு. தோலுக்குள் ஒளிந்திருக்கும் நக வேரில்தான் உயிர் இருக்கிறது. கட்டைவிரல் நகத்தின் அடியில் வெள்ளைப் பிறை தெரிகிறதே, அது அந்த வேரின் வெளித்தெரியும் ஓரம். அங்கே பிறக்கும் செல்கள் கெரட்டின் என்ற புரதத்தால் நிறைந்து, தட்டையாகி, செத்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு முன்னே தள்ளப்படுகின்றன. அரை மில்லிமீட்டர் தடிமனுக்குள் மூன்று அடுக்கு. நடு அடுக்கில் கெரட்டின் நார்கள் விரலின் நீளவாக்கில் ஓடவில்லை, குறுக்கே ஓடுகின்றன. மேலும் கீழும் உள்ள மெல்லிய அடுக்குகளில் அப்படி ஒரே திசை கிடையாது. பிளைவுட் பலகை செய்கிறவருக்கு இந்தக் கட்டுமானம் பார்த்ததும் புரியும்.

நார்கள் குறுக்கே ஓடுவது நமக்குப் பெரிய காவல். நகம் கிழிந்தால் பெரும்பாலும் ஓரமாக, குறுக்கே கிழிந்து போகிறது, சதைக்குள் இறங்குவதில்லை. 2004-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நகத்தை வெட்ட ஆகும் ஆற்றலை அளந்தார்கள். குறுக்கே வெட்டுவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு ஆற்றல் நீளவாக்கில் வெட்டத் தேவைப்பட்டது.

நகத்தின் உறுதி கால்சியத்தால் வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். நகத்தில் கால்சியம் எடையில் ஒரு சதவீதம்கூட இல்லை. கெரட்டின் இழைகளை ஒன்றோடொன்று தைத்து வைக்கும் கந்தகப் பிணைப்புகள்தாம் அந்தக் கடினத்தைத் தருகின்றன. நகத்தில் தெரியும் வெள்ளைப் புள்ளியும் பெரும்பாலும் கால்சியக் குறைவின் அடையாளம் அல்ல. சில வாரங்களுக்கு முன் நக வேரில் பட்ட ஒரு சின்ன அடி அது.

இனி முக்கியமான விஷயம். இந்தத் தகடு தண்ணீர் குடிக்கும். பார்க்கக் கல்போல இருந்தாலும் தோலைவிட நகத்தின் வழியாகத் தண்ணீர் பல மடங்கு எளிதாகப் போய்வரும், ஏனென்றால் தண்ணீரைத் தடுக்கும் கொழுப்பு நகத்தில் மிகக் குறைவு. பாத்திரம் கழுவும்போது நகம் நீர் குடித்து ஊதுகிறது, வளைகிறது. கை காய்ந்ததும் சுருங்குகிறது. ஒரு நாளில் பத்து முறை ஊதிச் சுருங்கினால் அடுக்குகளுக்கு இடையே உள்ள பிடிப்பு தளர்ந்து, நுனியில் ஏடு பிரியும். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த பிளைவுட் கதவின் அடிப்பகுதி பிரிவது போலத்தான். வீட்டில் நகம் பேண வாங்குகிற எந்தச் சாமானையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: இது அடுக்குகளைச் சேர்த்து வைக்குமா, பிரித்து விடுமா?

நகவெட்டியில் இரண்டு நெம்புகோல்கள் சேர்ந்திருக்கின்றன. மேல்கைப்பிடி முதலாவது. நாம் அழுத்தும் இடத்துக்கும் ஆணிக்கும் இடையே 5 செ.மீ. தூரம், ஆணிக்கும் அழுத்தும் மேட்டுக்கும் இடையே அரை செ.மீ. தூரம் என்று வைத்துக்கொண்டால் விரலின் விசை பத்து மடங்காகிறது. பின்பக்கம் சேர்ந்திருக்கும் இரண்டு தகடுகள் அடுத்த நெம்புகோல். அதில் அந்த விசை கொஞ்சம் குறையும், ஆனாலும் மிச்சம் நிறையவே இருக்கும். வாய் மழுங்கிய வெட்டி நகத்தை வெட்டாது, நசுக்கும். நசுக்கினால் ஏடு பிரியும். ஆகவே செட்டில் எது மட்டமாக இருந்தாலும் வெட்டி மட்டும் நல்லதாக இருக்க வேண்டும். குளித்துவிட்டு வந்தபின், நகம் நீர் குடித்து இளகியிருக்கும்போது வெட்டினால் தெறிக்காது, விரிசலும் விழாது. ஒரே கடியில் வெட்டாமல் ஓரத்திலிருந்து சின்னச் சின்னக் கடியாக வர வேண்டும்.

அரத்துக்கு நேர் எதிரான விதி: நகம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர நகத்தில் அரம் போட்டால் இளகிய அடுக்குகள் தேயாமல் பிய்யும். செட்டில் இருந்த இரும்பு அரத்தைத் தொட்டுப் பாருங்கள், அதன் பற்கள் ரம்பம் போல இருக்கும். அது நகத்தைத் தேய்ப்பதில்லை, கீறுகிறது. கீறிய ஒவ்வொரு பள்ளமும் நாளைய விரிசலின் தொடக்கம். அதற்குப் பதில் உப்புத்தாள் ஒட்டிய அட்டைப்பட்டையை வாங்கலாம். அதில் எழுதியிருக்கும் எண்ணைத் தேடுங்கள். எண் கூடக்கூட மணல் நுண்ணியது. 80, 100 எல்லாம் செயற்கை நகத்துக்கானவை. நம் சொந்த நகத்துக்கு 180 கரகரப்பு, 240 இதம். கண்ணாடி அரம் இன்னும் நல்லது. கண்ணாடியின் மேற்பரப்பை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அரித்துச் செய்யும் அரத்தில் கரடு கண்ணாடியோடு ஒன்றாக இருக்கிறது. மணல் உதிராது, கழுவி வைக்கலாம், பல வருடம் வரும்.

அரத்தை முன்னும் பின்னும் இழுப்பது பழக்கம். ஒரு இழுப்பு அடுக்குகளை அமுக்கும், எதிர் இழுப்பு தூக்கும். மைனியின் நகம் போல் ஏற்கெனவே பிரிந்த நகத்தில் அந்தத் தூக்கல்தான் கேடு. ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரே திசையில், அரத்தை எடுத்து எடுத்து வைத்து இழுக்க வேண்டும். மெனக்கெட்ட வேலைதான். பத்து விரலுக்கு முக்கால் மணி நேரம் ஆனது, பாதியில் மைனி தூங்கியே போனார்.

பஃபர் என்னும் மெருகுக்கட்டை பற்றி இரண்டு வார்த்தை. மேடுபள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தை நெருங்கும் அளவுக்குச் சிறுத்துவிட்டால் வெளிச்சம் சிதறாமல் கண்ணாடி போலத் திரும்பும். பளபளப்பு என்பது அவ்வளவே. அதற்காக நகத்தின் மேலடுக்கு தேய்ந்து போகிறது. மாதம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். மெலிந்த நகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

செட்டில் எனக்கு அதிகம் பயம் தந்தது தோல் வெட்டும் இடுக்கி. நகத்தின் அடியில் இரண்டு தோல்கள் உண்டு. நகத்தின் மேல் படிந்திருக்கும் வெண்மையான மெல்லிய படலம் செத்தது, அதைத் தள்ளலாம். அதற்குப் பின்னால் மடிந்து நிற்கும் தோல் உயிருள்ளது. நக வேருக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே இருக்கும் அடைப்பு அது. அதை வெட்டினால் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரி. ஸ்டஃபைலோகாக்கஸ் உள்ளே போனால் நகச்சுற்று. இரவெல்லாம் விண் விண்ணென்று தெறிக்கும் அந்த வலியை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எப்போதும் ஈரத்திலேயே இருக்கும் கைகளில் கேண்டிடா என்ற பூஞ்சையும் சேர்ந்துகொண்டு மாதக்கணக்கில் விடாது. எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகுவது நம் வீடுகளின் வைத்தியம். குளிர்ச்சி தரும், ஆனால் உள்ளே கட்டிய சீழை எலுமிச்சை எடுக்காது. தொடக்கத்தில் வெதுவெதுப்பான நீரில் நாளைக்குச் சில முறை விரலை வைத்தால் பலன் உண்டு. சீழ் கட்டிவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

இடுக்கிக்குப் பதில் மரக்குச்சி போதும். ஆரஞ்சு மரக்குச்சி என்று விற்கிறார்கள், ஒரு முனை உளி போல் சாய்ந்திருக்கும். வேப்பங்குச்சியைச் சீவி மழுக்கினாலும் அதே வேலை நடக்கும். பாட்டில்களில் வரும் தோல் நீக்கித் திரவங்கள் பொட்டாசியம் அல்லது சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த காரம். செத்த கெரட்டினைக் கரைப்பதுதான் அவற்றின் வேலை. நகமும் செத்த கெரட்டின்தான் என்பதை அந்த பாட்டில் அறியாது. சொன்ன நிமிடத்துக்கு மேல் வைக்காமல் கழுவிவிட வேண்டும்.

ஒரு வீட்டுக்கு ஒரு நகவெட்டி என்பது நம் வழக்கம். இதை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளியில் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். ஆளுக்கொரு வெட்டி வாங்கிவிடுவதே பாதுகாப்பு. வெட்டியைச் சோப்பு போட்டுக் கழுவி, 70% ஆல்கஹாலில் துடைத்துக் காய வையுங்கள். சுத்த ஆல்கஹாலைவிட 70% வலிமையானது என்பது வியப்பாக இருக்கலாம். கிருமியின் புரதத்தைக் குலைக்க ஆல்கஹாலுக்குத் தண்ணீரும் துணை வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் அது வேலை முடியுமுன் ஆவியாகியும் விடும்.

மைனியின் நகத்துக்கு உண்மையான மருந்து செட்டுக்குள் இல்லை, அடுக்களையில் இருந்தது. ஒவ்வொரு முறை கை கழுவித் துடைத்ததும் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய். நகம் குடித்த நீர் சட்டென்று வெளியேறாமல் எண்ணெய்ப் படலம் தடுக்கிறது, ஊதிச் சுருங்கும் வேகம் குறைகிறது. எண்ணெய் நகத்துக்கு உயிர் கொடுப்பதில்லை. செத்த தகட்டுக்கு அதுதான் பாதுகாப்பு.

இனி கியூட்டெக்ஸ். எங்கள் பக்கம் எந்தக் கம்பெனி நகப்பூச்சுக்கும் இதுதான் பெயர். 1911-இல் அமெரிக்காவில் கியூட்டெக்ஸ் என்று வந்தது பூச்சே அல்ல, நகத்தடித் தோலை இளக்கும் திரவம். பூச்சு பின்னால் வந்தது. இன்றும் பூச்சின் முதுகெலும்பு நைட்ரோசெல்லுலோஸ். 1846-இல் ஷேன்பைன் என்ற வேதியியலாளர் பருத்தியை அமிலத்தில் தோய்த்துச் செய்த வெடிபஞ்சின் உறவு அது. கார்களுக்கு அடித்த பெயின்டிலும் அதுவே இருந்தது. எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் என்ற கரைப்பான்களில் அது கரைந்திருக்கிறது. பூசியதும் கரைப்பான் பறந்துபோகிறது, படலம் மிஞ்சுகிறது. உலர்வது என்பது இவ்வளவுதான். மெல்லிய இரண்டு பூச்சு காய்ந்துவிடும், தடித்த ஒரு பூச்சு காயாது. மேல் தோல் முதலில் இறுகிக் கீழே உள்ள கரைப்பானை அடைத்துவிடும். குளிர்ந்த நீரில் விரலை முக்கினால் மேற்பரப்பு இறுகும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும்.

ஐப்பசியில் ஒத்திகையாக மைனிக்குப் பூசிப் பார்த்தேன். வெளியே வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. மேல்பூச்சு பத்தே நிமிடத்தில் பால் படிந்தது போல் வெளுத்தது. பூச்சு கெட்டுப்போனது என்றார் மைனி. கெடவில்லை. கரைப்பான் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு படலத்தைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனித்துளி போல நீர் இறங்குகிறது. நைட்ரோசெல்லுலோஸ் நீரில் கரையாது, எனவே நுண்ணிய திட்டுகளாகப் பிரிந்து வெளுக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் வாங்கும் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது வருடத்தில் பாதி நாள் நடக்கும். மழை ஓய்ந்த மதியத்தில், மிக மெல்லியதாகப் பூசினால் வெளுக்காது.

பூசும் முன் நகத்தை நீரில் ஊறவைக்கும் பழக்கமும் தவறு. ஊதிய நகத்தின் மேல் பூசினால், நகம் சுருங்கும்போது பூச்சு கூடவே சுருங்காமல் உரியும். எண்ணெயும் அன்றைக்கு ஆகாது, பிடிப்பு இருக்காது. நகத்தை ஆல்கஹாலால் துடைத்து, நிறமில்லாத அடிப்பூச்சு ஒன்று போட வேண்டும். சிவப்புச் சாயம் நகத்துக்குள் இறங்கி மஞ்சளாக நிற்பதை அது தடுக்கும். சமையல் மஞ்சள் கறையும் இப்படித்தான் இறங்குகிறது. சோப்பு பட்டதும் அந்தக் கறை சிவக்கும், ஏனென்றால் மஞ்சளின் குர்குமின் காரத்தில் நிறம் மாறும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமம் ஆகிற அதே வேதியியல்.

பூச்சை அழிக்கும் அசிட்டோன் -20 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கப் போதுமான ஆவியை விடும். ஆவி காற்றைவிட கனம், தரையோடு ஊர்ந்து வரும். அடுப்புப் பக்கமும், சந்தியா விளக்கின் பக்கமும் கொண்டுபோகக் கூடாது. அது நகத்தில் இருக்கிற கொஞ்சக் கொழுப்பையும் கழுவி எடுத்துவிடும். அழித்தபின் கை கழுவி எண்ணெய் தடவ வேண்டும்.

கறுப்புக் கறையை அசிட்டோன் எடுக்கவில்லை, எதுவும் எடுக்கவில்லை. அது அடுக்குகளுக்குள் போயிருந்தது. மைனியிடம் நான் ஒரு கணக்குதான் சொன்னேன். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மி.மீ. வளரும். ஆவணி முதல் தை வரை ஐந்து மாதம், 15 மி.மீ.; மைனியின் நீளமான நகத்துக்கும் அது போதும். ஐப்பசியில் பாதி நகம் வெளிறிய ரோஜா நிறத்தில் வந்திருந்தது. மார்கழிக் கடைசியில், குளித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து, நடுவிரல் நுனியில் பிறைபோல் நின்ற கடைசிக் கறுப்பை அவரே வெட்டினார். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி அந்த நகங்களில் மயிலாஞ்சி வைத்தோம். மருதாணியில் இருக்கும் லாசோன் என்ற சாயம் கெரட்டினோடு பிணைந்துவிடும், கழுவினால் போகாது. இப்போது மாசி முடிகிறது. நகத்தடியில் மயிலாஞ்சிச் சிவப்புக்கும் தோலுக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் வெள்ளை நகம் வந்திருக்கிறது. அளவுகோலை வைத்துப் பார்த்தது மைனிதான்.