தண்ணீருக்குள் மறையும் மீன், மறையாத ஈயம்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய மருமகன் கைபேசியில் ஒரு பழைய காணொளியைக் காட்டினானாம். அமெரிக்காவில் ஏதோ மீன்பிடிப் போட்டி. முதலிடம் வந்தவர்களின் மீனை நடத்துநர் கத்தியால் கிழிக்கிறார், உள்ளேயிருந்து ஈயக்குண்டு விழுகிறது, சுற்றி நின்றவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள். "மீனை வெட்டாமலே கண்டுபிடிக்க வழியில்லையா? இருந்தால் பேலியகொடையில் மீன் வாங்கும் எனக்கும் உதவுமே" என்பது அவர் கேள்வி.

வழி இருக்கிறது. ஒரு வாளி, ஒரு தராசு போதும்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டெம்பர் 30, ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லண்ட் நகரம், ஈரி ஏரிக்கரை. அங்கே பிடிபடுவது வோல்ஐ என்ற நன்னீர் மீன். ஒவ்வொரு குழுவும் ஐந்து மீன் கொண்டுவர வேண்டும், மொத்த நிறை கூடியவர்களுக்குப் பரிசு. ஒரு சோடி கொண்டுவந்த ஐந்தும் சேர்ந்து 33.91 இறாத்தல். பரிசுத்தொகை ஏறத்தாழ 29 ஆயிரம் டொலர். (நம் ஊரில் இறாத்தல் என்றால் பாணுக்கு மட்டும்தான். அந்தப் பாணும் 450 கிராம் இருக்க வேண்டும் என்று 2024இல் வர்த்தமானி போட வேண்டி வந்தது. நிறையில் விளையாடுவது அமெரிக்கர்களின் தனிச்சொத்து இல்லை.) நடத்துநரின் கண்ணுக்கு அந்த மீன்கள் ஒவ்வொன்றும் நாலு இறாத்தல்போலத்தான் தெரிந்தன. தராசோ கிட்டத்தட்ட ஏழு என்றது. வயிற்றைத் தடவினார், கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. வெட்டினார். முட்டை வடிவத் தூண்டில் ஈயம் பத்து, மொத்தம் ஏழு இறாத்தல். கூடவே, வேறு மீனின் சதைத் துண்டுகள். அடுத்த ஆண்டு மே மாதம் இருவருக்கும் பத்து நாள் சிறை. படகும் பறிபோனது.

நடத்துநரின் கண் ஏன் முதலில் உறுத்தியது? தேங்காய் வாங்கும் எவருக்கும் இது தெரியும். குறுக்களவில் பத்து வீதம் பெரிய தேங்காய், நிறையில் மூன்றிலொரு பங்கு கூட இருக்கும். நீளம், அகலம், தடிப்பு மூன்றும் சேர்ந்து வளர்வதால் நிறை நீளத்தின் மும்மடியோடு ஏறுகிறது. மீனும் அப்படித்தான். ஸ்கொட்லாந்தின் மீன்வள ஆய்வாளர் ஃபுல்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதிலிருந்து ஒரு எளிய எண்ணை எடுத்தார். கிராமில் நிறையை சென்ரிமீற்றரில் நீளத்தின் மும்மடியால் வகுத்து நூறால் பெருக்கினால், மீன் கொழுத்ததா மெலிந்ததா என்று தெரிந்துவிடும். நாலு இறாத்தல் மீன் ஏழு இறாத்தல் ஆக வேண்டுமென்றால் அதன் நீளம் ஐந்திலொரு பங்கு கூடியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான மீனைக் கையால் தூக்கிய ஒருவருக்கு அந்த வித்தியாசம் கணக்குப் போடாமலே தெரியும்.

ஆனால் இந்தச் சோதனைக்கு வாய் அடைக்கலாம். "சினை மீன் ஐயா", "நல்லாச் சாப்பிட்டிருக்கு" என்று சொன்னால் அளவுகோலிடம் பதில் இல்லை. அதனால்தான் எனக்கு வாளி பிடிக்கும்.

ஆக்கிமிடீசைப் பற்றி விரிக்கப்போவதில்லை. சாதாரண தரத்தில் படித்ததுதான்: நீரில் அமிழ்ந்த பொருளுக்கு, அது இடம்பெயர்த்த நீரின் நிறைக்குச் சமமான மேலுதைப்பு கிடைக்கும். குளியல் தொட்டியிலிருந்து அவர் துணியில்லாமல் ஓடிய கதையை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் வழிந்த நீரை அளந்து மகுடத்தில் கலப்படம் கண்டுபிடிப்பது மகா முரட்டு வழி. 22 வயது கலிலியோவுக்கு 1586இல் இதே எண்ணம் வந்தது. ஆக்கிமிடீசைப் போன்ற ஆள் இப்படிக் குத்துமதிப்பாகச் செய்திருக்க மாட்டார் என்று நினைத்து, பொருளைத் தராசில் தொங்கவிட்டபடியே நீருக்குள் இறக்கி நிறுக்கும் ஒரு சிறு தராசைப் பற்றி எழுதினார். நம் செட்டியார் தெருப் பொன்னுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். காற்றில் ஒரு நிறை, நீரில் ஒரு நிறை, இரண்டையும் வைத்து அடர்த்தி.

இப்போது பொன்னுக்குப் பதில் மீனைத் தொங்கவிடுங்கள்.

இங்கேதான் எனக்குப் புல்லரிக்கும் இடம் வருகிறது. மீன் சாதாரணப் பொருள் இல்லை. தண்ணீருக்குள் நிறையே இல்லாமல் இருப்பதற்காகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் செதுக்கப்பட்ட உடம்பு அது. தசையும் எலும்பும் நீரைவிடச் சற்று அடர்த்தி கூடியவை, அப்படியே விட்டால் மீன் கீழே போய்விடும். அதை ஈடுகட்ட முதுகெலும்புக்குக் கீழே ஒரு காற்றுப்பை. மீன் கழுவும்போது 'டப்' என்று உடையுமே வெள்ளை நிறச் சவ்வுப் பை, அதுதான். நன்னீர் மீன்களில் அது உடம்பின் கன அளவில் ஏறத்தாழ 7 வீதம், கடல் மீன்களில் 5 வீதம். உப்புநீர் சற்று அடர்த்தி கூடியது என்பதால் கடல் மீனுக்குச் சிறிய பை போதும். வோல்ஐ போன்ற மீன்கள் தங்கள் இரத்தத்திலிருந்தே வாயுவைப் பிரித்து அந்தப் பையை நிரப்புகின்றன. அதற்கென்று ஒரு சுரப்பி, அதைச் சுற்றிப் பின்னிய நுண்குழாய்கள். கூட்டல் கழித்தல் எல்லாம் முடிந்தபின் மீனின் சராசரி அடர்த்தி அது வாழும் நீரின் அடர்த்திக்கு வந்து நிற்கிறது.

அதாவது, மீனைத் தராசில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினால் தராசு பூச்சியத்துக்குக் கிட்டப் போய்விடும். அரைக் கிலோ மீனானாலும் பத்துக் கிலோ மீனானாலும் அதுதான். கொழுத்ததா, சினை பிடித்ததா, இரை விழுங்கியதா என்ற கேள்விகளுக்கே இடமில்லை. கொழுப்பு, முட்டை, விழுங்கிய சின்ன மீன் எல்லாமே நீரோடு நீராகக் கணக்கிலிருந்து கழிந்துவிடும்.

ஈயம் மட்டும் கழியாது. நீரைப்போல் 11.3 மடங்கு அடர்த்தி அதற்கு. நீருக்குள்ளும் தன் நிறையில் 91 வீதத்தை விடாமல் வைத்துக்கொள்ளும். ஈரி ஏரி மீன்களை வாளியில் நிறுத்திருந்தால், வெளியே 15.4 கிலோ காட்டிய அதே மீன்கள் உள்ளே ஏறத்தாழ 2.9 கிலோ காட்டியிருக்கும். நேர்மையான ஐந்து மீன், காற்றுப்பை உடைந்திருந்தால்கூட, ஒரு கிலோவைத் தாண்டப் பாடுபட வேண்டும்.

ஈயத்தைத் தேர்ந்தெடுத்த காரணமே அவர்களைக் காட்டிக்கொடுத்திருக்கும் என்பதைக் கவனியுங்கள். ஏழு இறாத்தல் ஈயம் பிடிக்கும் இடம் 280 மில்லிலீற்றர்தான், ஒரு பெரிய தேநீர்க் கோப்பை. அதே நிறைக்கு மீன்சதையைத் திணிப்பதென்றால் மூன்று லீற்றர் இடம் வேண்டும், வயிறு வெடித்துவிடும். ஒளித்துவைக்க வசதியாக இருப்பது அடர்த்தி. வாளியில் மாட்டுவதும் அதே அடர்த்தி.

உயிருள்ள மீனென்றால் தராசுகூட வேண்டாம். 2009இல் டெக்சஸ் மாநிலத்தில் பாஸ் மீன் போட்டியொன்றில், 55 ஆயிரம் டொலர் படகுக்காக ஒருவர் மீனுக்குள் ஒரு இறாத்தல் ஈயத்தைத் திணித்து மாட்டிக்கொண்டார், 15 நாள் சிறை. அந்த ஈயத்துக்கு நீருக்குள் 414 கிராம் நிறை. அதைத் தூக்கி நிறுத்த மீன் தன் காற்றுப்பையை இன்னும் 414 மில்லிலீற்றர் ஊத வேண்டும். நாலு கிலோ மீனின் பையே மொத்தம் 280 மில்லிலீற்றர்தான் வரும். பாவம், தொட்டியில் விட்டால் அடியில் போய்க் கிடப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

சொன்னால் போதாது என்று வீட்டிலேயே செய்து பார்த்தேன். 1.4 கிலோ விளைமீன் ஒன்று, குடல் எடுக்காமல். மீன்காரர் விநோதமாகப் பார்த்தார். "வெட்டித் தரவா தம்பி?" "வேண்டாம் அண்ணை, பூவும் குடலும் அப்படியே இருக்கட்டும்." தராசுக்கு அக்காவின் பயணப்பைத் தராசு. வெளிநாட்டில் உறவினர் உள்ள கொழும்பு வீடுகளில் இந்தத் தொங்கு தராசு இல்லாத அலுமாரி இருக்காது. கட்டுநாயக்கவில் பெட்டியைத் திறந்து மிளகாய்த்தூளை வெளியே எடுத்த அனுபவம் தந்த ஞானம் அது. மீனை வாலில் கட்டி வாளிக்குள் இறக்கினேன். 1.40, பூச்சியமானது. உண்மையில் முப்பது கிராமளவு இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அது கடல் மீன், குழாய்த் தண்ணீர் அதற்குக் கொஞ்சம் இலேசு. அந்த அற்பத்தையெல்லாம் பயணப்பைத் தராசு சட்டை செய்வதில்லை. பிறகு முகத்துவாரத்தில் தூண்டில் போடும் நண்பனிடம் வாங்கிய 250 கிராம் ஈயத்தைப் பொலித்தீனில் சுற்றி மீனின் வாய்க்குள் தள்ளினேன். மீண்டும் வாளி. 0.26. வெளியே ஆறிலொரு பங்கு கூடிய நிறை, உள்ளே ஒன்றுமில்லாத இடத்தில் வந்து நிற்கிறது. அம்மா மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை. ஈயம் நஞ்சு, அவர் செய்தது சரி. நீங்கள் செய்வதென்றால் இரும்பு ஆணிகளைப் பாவியுங்கள்.

இந்த வாளிக்கும் கண் மறைக்கும் இடங்கள் உண்டு. அந்தச் சோடி ஈயத்தோடு வைத்த மீன்சதையை வாளி பிடிக்காது, மீனுக்குள் மீன் வைத்தால் அடர்த்தி மாறாது. பொன்னுக்குள் டங்ஸ்ரன் வைக்கும் மோசடியும் இதே சூத்திரம்தான், இரண்டின் அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்று. இறாலுக்குள் ஊசியால் தண்ணீர் ஏற்றினால் தண்ணீருக்குள் தண்ணீரை எப்படி நிறுப்பது? அங்கே மறுபடி அளவுகோல்தான் கைகொடுக்கும். 2012இல் கேர்ன்சித் தீவில் ஒருவர் மீன்காட்சியகத்தில் திருடிய பாஸ் மீனையே போட்டிக்குக் கொண்டுபோனார். நீளமும் சரி, அடர்த்தியும் சரி. அங்கே வேலை செய்தவர்கள் அதன் உடலிலிருந்த அடையாளங்களை வைத்து "இது நம்ம மீன்" என்றார்கள்.

போட்டி நடத்துபவர்கள் பெரிதும் நம்புவது வேறொன்றை: பொய் கண்டறியும் கருவி. 2016இல் மேரிலாந்தின் வெள்ளை மார்லின் போட்டியில் 28 இலட்சம் டொலர் பரிசு அதில் தொங்கியது. முதலிடம் வந்தவர்கள் விதியை மீறிக் காலை 8.30க்கு முன்பே தூண்டில் போட்டார்கள் என்று சந்தேகம். கருவி அவர்களுக்கு எதிராகச் சொன்னது. வழக்கு நீதிமன்றம் போனது, வேறு சான்றுகளையும் பார்த்து அவர்களுக்குப் பரிசில்லை என்று தீர்ந்தது. அந்தக் கருவி அளப்பது இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு, தோலின் வியர்வை. பொய் என்று உடம்பில் ஒரு திரவம் கிடையாது. பயந்த நல்லவனுக்கும் வியர்க்கும், பழகிய கள்ளனுக்கு வியர்க்காது. அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைப் பற்றிக் கேட்கும்போது அது குத்துமதிப்பைவிட மேல், குறையில்லாத நிலைக்கு வெகு கீழே என்றது. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வதும், களவுபோனால் முன்னேஸ்வரத்துக் காளியிடம் போய் முறையிடுவதும் நமக்குப் பழக்கம். வயர் பொருத்தி, வரைபடம் கீறும் கற்பூரம் என்று இதைச் சொன்னால் என்மேல் கோபிக்க வேண்டாம். குற்றவாளிக்குப் பயம் வரும், அது உண்மை. அதைக் கற்பூரமும் செய்யும், செலவும் குறைவு.

இன்னொரு ஆதங்கம். அளவுகோல் சோதனைக்கு ஒவ்வொரு மீனினத்துக்கும் நீளம்-நிறை அட்டவணை வேண்டும். அதைச் செய்வது இறங்குதுறைகளில் விடியற்காலை நின்று, அளவுப் பலகையில் மீனைக் கிடத்தி, ஒவ்வொன்றாக எழுதும் ஆய்வு மாணவர்கள். எத்தனை மீன் பிடிக்கலாம், எந்த அளவுக்குக் கீழே விட்டுவிட வேண்டும் என்ற கணக்கெல்லாம் அந்த ஈரமான கொப்பிகளிலிருந்துதான் தொடங்குகிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 வீதம்கூட ஆய்வுக்குச் செலவழிக்காத நாடு நாம். கடல் நடுவே இருந்துகொண்டு மீனை அளக்கக் கஞ்சத்தனம் பார்க்கிறோம்.

கொட்டாஞ்சேனை வாசகருக்கு ஒரு குறிப்பு. சந்தை மீனில் ஈயத்தைவிட வயிற்றில் அடைத்த ஐஸ்தான் அதிகம் வரக்கூடும். ஐஸ் மிதக்கும், அதனால் வாளியில் தராசு கூடாது, குறையும். குடல் எடுத்த மீனென்றால் காற்றுப்பையும் போயிருக்கும், நிறையில் ஆறேழு வீதம் உள்ளே காட்டினால் மீன்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பலயாவை (சூரை மீன்) வைத்தும் சோதிக்க வேண்டாம். அதற்குப் பிறவியிலேயே காற்றுப்பை கிடையாது. நீந்தாவிட்டால் மூழ்கிவிடும் என்பதால் ஆயுள் முழுக்க நிற்காமல் நீந்துகிற மீன் அது.

தராசை மூன்று தரம் எலுமிச்சை போட்டுக் கழுவியாயிற்று, வாடை போகவில்லை. அக்காவுக்கு வெள்ளிக்கிழமை ரொறன்ரோ பயணம்.