எக்ஸ்பான்ஷன் பாஸ்: சீட்டா, உரிமையா?

வீடியோ கேம்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் எக்ஸ்பான்ஷன் பாஸ் என்பதை 'விரிவாக்க அனுமதிச்சீட்டு' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். கேட்கத் தமிழாகத்தான் இருக்கிறது, இலக்கணப் பிழையும் இல்லை. பொருள்தான் தவறு. அந்தத் தவறை நம்பிப் பணம் கட்டுகிறவருக்கு நட்டம் வருகிறது. ஒரு கலைச்சொல்லின்மேல் இதைவிடப் பெரிய குறை சொல்ல முடியாது.

முதலில் பொருள். ஒரு விளையாட்டு வெளியான பிறகு அதற்கென்று புதிய கதைப்பகுதி, புதிய நிலப்பரப்பு, புதிய பாத்திரங்கள் என்று தனி விலைக்கு வருவது எக்ஸ்பான்ஷன். அப்படி இரண்டு மூன்று பகுதிகள் வரும் என்றால், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தடவை பணம் வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றும் வரவர இறக்கிக்கொள்ள விடுவது எக்ஸ்பான்ஷன் பாஸ். லத்தீனில் 'எக்ஸ்பாந்தெரே' என்றால் விரித்துப் பரப்புதல். பாஸ் என்பதற்கு மூலம் காலடியைக் குறிக்கும் 'பஸ்ஸுஸ்'. அடி எடுத்து வைத்தல், கடந்துபோதல், கடந்துபோக விடும் தாள் என்று பொருள் நகர்ந்தது. 1998-இல் ஸ்டார்கிராஃப்ட் என்ற விளையாட்டுக்கு வந்த புரூட் வார் போன்றவை பெட்டியில் வந்த எக்ஸ்பான்ஷன் பேக்குகள். காசு கொடுத்தால் குறுந்தகடு கைக்கு வரும், அங்கே பாஸுக்கு வேலையே இல்லை. இணையக் கடைகள் வந்த பிறகுதான் வராத பொருளுக்கும் விலை வைக்க முடிந்தது. 2011-இல் எல்.ஏ. நுவார் என்ற விளையாட்டுக்கு விற்ற ராக்ஸ்டார் பாஸ் அந்த வழக்கத்தின் தொடக்கக் கால எடுத்துக்காட்டு. இதே வகைப் பாஸுக்குச் சீசன் பாஸ் என்ற பெயரும் அதையொட்டிப் பரவியது.

இப்போது அனுமதிச்சீட்டுக்கு வருவோம். ஏற்கெனவே இருக்கும் ஒன்றுக்குள் விடுவதற்குப் பெயர்தான் அனுமதி. அரங்கம் கட்டி முடிந்து நிற்கிறது, வாசலில் ஆள் இருக்கிறார், சீட்டைக் காட்டினால் உள்ளே விடுவார். எக்ஸ்பான்ஷன் பாஸ் விற்பனைக்கு வரும் நாளில் பெரும்பாலும் அரங்கமே கிடையாது. செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டைப் பாருங்கள். விளையாட்டு 2017 மார்ச் 3 அன்று வந்தது, அதன் பாஸும் அன்றே 20 டாலருக்கு வந்தது. முதல் பகுதி ஜூன் 30-இல்தான் வந்தது, இரண்டாவது டிசம்பர் 7-இல். முதல் நாளே பணம் கட்டியவருக்கு அன்று கிடைத்தவை மூன்று பெட்டிகள், அவற்றில் ஒன்றில் ஒரு சட்டை. 'அனுமதிச்சீட்டு' என்று படித்து வாங்கியவர் உள்ளே எல்லாம் தயாராக இருக்கிறது என்றுதானே நினைப்பார்? சொல் அப்படித்தானே சொல்கிறது.

இன்னொன்று, சீட்டு என்றாலே காலாவதி உண்டு. பயணச்சீட்டு பயணத்தோடு முடிந்தது, நுழைவுச்சீட்டு அந்த ஒரு காட்சிக்கு. எக்ஸ்பான்ஷன் பாஸுக்குக் கெடு கிடையாது. வாங்கிய கணக்கில் அது பதிவாகிவிட்டால் கருவியை மாற்றினாலும் அழித்து நிறுவினாலும் திரும்ப இறக்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது கோளாறு விளையாட்டுக்கு உள்ளேயே வருகிறது. அனுமதிச்சீட்டு வாங்கியவர் கதவு திறக்கும் என்று எதிர்பார்க்கிறார். அதே செல்டாவில் வாள் சோதனைப் பகுதியைத் தொடங்க மாஸ்டர் ஸ்வோர்டு என்ற வாளைக் கையில் எடுத்திருக்க வேண்டும். சாம்பியன்ஸ் பாலட் பகுதி, நான்கு தெய்வ விலங்குகளையும் மீட்டு முடித்த பிறகுதான் தொடங்கும். பணம் கட்டியாயிற்று, இறக்கியாயிற்று, உள்ளே ஒன்றும் மாறவில்லையே என்று குழம்புகிறவர்களில் பலரின் சிக்கல் இதுதான். பாஸ் கதவைத் திறப்பதில்லை. விளையாட்டின் கணக்கில் ஒரு பகுதியைச் சேர்க்கிறது, அவ்வளவே. அதை அடைவது ஆட்டக்காரரின் பாடு.

இதனோடு ஒட்டிய இன்னொரு பிழை இதைவிட மோசம். எக்ஸ்பான்ஷன் பாஸ், எக்ஸ்பான்ஷன் பேக் இரண்டையும் 'விரிவாக்கத் தொகுப்பு' என்று ஒன்றாக்கிவிடுகிறார்கள். செல்டாவை வெளியிட்ட நிண்டெண்டோ 2021 அக்டோபரில் தன் இணையச் சந்தாவின் உயர்படிக்கு எக்ஸ்பான்ஷன் பேக் என்று பெயர் வைத்ததிலிருந்து இந்தக் குழப்பம் காசைத் தொடுகிறது. மரியோ கார்ட் 8 டீலக்ஸுக்கு 48 பந்தயத் தடங்களைக் கொடுக்கும் பூஸ்டர் கோர்ஸ் பாஸை 25 டாலருக்குத் தனியே வாங்கலாம், அப்போது அது என்றைக்கும் உங்களுடையது. அந்த உயர்படிச் சந்தாவிலும் அதே தடங்கள் கிடைக்கின்றன, ஆனால் சந்தா இருக்கும்வரைதான். சந்தா முடிந்த மறுநாள் தடங்கள் பூட்டிக்கொள்ளும். ஒன்று கொள்முதல், மற்றது வாடகை. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லைப் போட்டவர் மொழிபெயர்க்கவில்லை, இருந்த வேறுபாட்டை அழித்துவிட்டார்.

'விரிவாக்கச் சந்தா' என்று எழுதுகிறவர்களும் உண்டு. சந்தா தவணை தவறாமல் கட்டுவது, இது ஒரே தடவை கட்டுவது. அந்தச் சொல்லை இத்துடன் தள்ளிவிடலாம். 'விரிவு முன்பதிவு' கொஞ்சம் நல்ல முயற்சி, வராத பொருளுக்குப் பணம் என்ற உண்மையை அது மறைக்கவில்லை. ஆனால் எல்லாப் பகுதிகளும் வந்து முடிந்து ஆண்டுகள் ஆன பிறகும் கடையில் அதே பாஸ் விற்கிறதே, அதை முன்பதிவு என்று எப்படிச் சொல்வது?

எக்ஸ்பான்ஷனுக்கு 'விரிவாக்கம்' என்பதும் எனக்கு உடன்பாடு இல்லை. விரிவாக்கம் ஒரு செயல்: சாலையை விரிவாக்குகிறார்கள், கட்டடத்தை விரிவாக்குகிறார்கள். ஆட்டக்காரர் கைக்கு வருவது செயல் அன்று, விரிந்து வந்த பகுதி. அதற்கு 'விரிவு' போதும். தொல்காப்பிய மரபியல் வழிநூலை நான்காகப் பகுக்கும்போது தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்கிறது. முதல்நூல் இருந்தால்தான் அதை விரிக்க முடியும். மூல விளையாட்டு இல்லாமல் ஓடாத ஒரு பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. தமிழில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கிடக்கும் சொல் இருக்க, 'ஆக்கம்' என்ற வாலை ஒட்டி நீட்டுவது எதற்கு? இன்றைய மொழிபெயர்ப்பில் கண்ட இடமெல்லாம் 'ஆக்கம்', 'மயமாக்கல்' என்று முடிவதைப் பார்த்தால், வினைக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டையே நாம் மறந்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது.

ஆக, விரிவு + உரிமை = விரிவுரிமை. பணம் கட்டியவருக்குக் கிடைப்பது உண்மையில் உரிமைதான். கடையின் கணக்கேட்டில் உங்கள் பெயருக்கு நேரே ஒரு வரி ஏறுகிறது: இந்த விளையாட்டுக்கு இன்னின்ன பகுதிகள் இவருக்குச் சேர வேண்டும் என்று. பகுதி வெளியானதா, வெளியாகவில்லையா என்பது அந்த வரியைப் பாதிக்காது. உரிமை என்பதில் வராததைக் கேட்டு வாங்கும் பொருளும் இருக்கிறது, அனுமதியில் அது இல்லை. அனுமதி அவர்கள் கொடுப்பது, உரிமை நாம் கேட்பது. 'உரிமம்' தானே சரி என்பார் உண்டு. எண்முறையில் வாங்குவது எல்லாமே சட்டப்படி உரிமம்தான், மூல விளையாட்டும் அப்படியே. பாஸை மட்டும் பிரித்துக் காட்ட அந்தச் சொல் உதவாது.

உரிமை எதன்மேல் என்ற கேள்வியையும் இந்தச் சொல் எழுப்பும், அதுவும் நல்லது. போக்கிமான் ஸ்வோர்டுக்கு வாங்கிய பாஸ் அதன் இரட்டைப் பதிப்பான போக்கிமான் ஷீல்டில் வேலை செய்யாது. இரண்டுக்கும் தனித்தனிப் பாஸ், ஒவ்வொன்றும் 30 டாலர். பல விளையாட்டுகளில், கருவியில் செருகும் விளையாட்டு அட்டை ஐரோப்பியப் பதிப்பாக இருந்து, பாஸ் அமெரிக்கக் கடையில் வாங்கியதாக இருந்தால், பணம் போகும், பகுதி ஒட்டாது. வாங்குமுன் பார்க்க வேண்டியவை மூன்று: பதிப்பு, வட்டாரம், எந்தக் கணக்கு.

வாங்கலாமா என்று கேட்டால், விரிவுரிமையில் அடங்கும் பகுதிகளின் பெயரும் நாளும் தெரிந்தால் வாங்கலாம், தெரியாவிட்டால் வேண்டாம். விட்சர் 3 விளையாட்டின் பாஸ் வந்தபோது விலை 24.99 டாலர். ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் 9.99, பிளட் அண்ட் வைன் 19.99 என்று இரண்டு பகுதிகளையும் தனித்தனியே வாங்கினால் 29.98. முன்கூட்டி நம்பியதற்கு மிச்சம் 5 டாலர். 2015 அக்டோபரில் ஒன்று, 2016 மே மாதம் மற்றொன்று என்று இரண்டும் வந்தன, இரண்டும் பெரியவை. எல்லாப் பாஸும் அப்படி அமைவதில்லை. அதனால்தான் 2024 நவம்பரில் கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் விதி வைத்தது: பாஸ் விற்பவர் அதில் அடங்கும் ஒவ்வொரு பகுதியையும், அது வரும் காலத்தையும் சொல்ல வேண்டும். ஒரு முறைதான், அதுவும் மூன்று மாதத்துக்குள்தான் தள்ளிப்போடலாம். பகுதியைக் கைவிட்டால் அதன் மதிப்புக்குப் பணம் திருப்பித் தர முன்வர வேண்டும். உரிமை இல்லாத இடத்தில் இப்படி ஒரு விதி வருமா?

சீட்டு என்ற சொல்லை வீணாக்க வேண்டியதில்லை, அதற்கு இடம் பேட்டில் பாஸில் இருக்கிறது. ஃபோர்ட்நைட் 2017 டிசம்பரிலிருந்து விற்பது அதைத்தான். பருவம் ஓடும்வரை ஆடி ஆடிப் படியேற வேண்டும், பருவம் முடிந்தால் எட்டாத பரிசுகளை அந்தப் பாஸில் இனி எட்ட முடியாது. கெடு உள்ளது, ஆகவே 'பருவச்சீட்டு'. ஹேலோ இன்ஃபினிட் போல் கெடு வைக்காத விதிவிலக்கு வந்தால் 'கெடுவில்லாப் பருவச்சீட்டு' என்று அடைமொழி சேர்த்து எழுதலாம். பேச்சில் எல்லாமே பாஸ்தான், அதில் தவறில்லை. எழுத்தில் மட்டும், ஒரு தடவை கட்டி என்றைக்கும் வைத்திருப்பது விரிவுரிமை, கெடுவுக்குள் ஆடித் தீர்ப்பது பருவச்சீட்டு, கட்டும்வரை கிடைப்பது சந்தா.