சுகர் உள்ளவர்களின் சிறுநீரகத்துக்கு அரசு தருவது என்ன?

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளில் பத்துக்கு மூன்று, நான்கு பேருக்கு நாளடைவில் சிறுநீரகமும் பாதிக்கப்படுகிறது. அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் இலவசம் என்பது பலருக்குத் தெரியும். அந்த நிலைக்குப் போகாமல் தடுக்கும் பரிசோதனையும் மாத்திரையும்கூட அங்கே இலவசம்தான். அதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வந்துவிடும். வசதிதான், ஆனால் அதற்காக ஆரம்ப சுகாதார நிலையத்துப் பக்கமே போகாமல் இருந்துவிடக் கூடாது. 2023-இல் வந்த 'சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம்' மூலம் அங்கே சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதனைப் பட்டையை நனைத்துப் பார்க்கிறார்கள். புரதம் கொஞ்சமாக ஒழுகும் தொடக்க நிலை இந்தப் பட்டையில் தெரியாமல் போகலாம். அதனால் பட்டையில் ஒன்றுமில்லை என்றாலும், சிறுநீரில் அல்புமின் (ஒரு புரதம்)–கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) விகிதமும் ரத்தத்தில் கிரியேட்டினினும் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். அங்கே வசதி இல்லையென்றால் பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தரச் சொல்லலாம். விகிதம் 30-ஐத் (மி.கி./கிராம்) தாண்டி, மூன்று மாதம் கழித்துப் பார்த்தாலும் அப்படியே இருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படத் தொடங்கிவிட்டது என்று பொருள். கால் வீங்கட்டும், பார்க்கலாம் என்று இருந்தால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

மருந்தில் எனலாப்ரில், லோசார்டன் போன்றவை பிரஷரைக் குறைப்பதோடு புரத ஒழுக்கையும் குறைக்கும். பிரஷர் சரியாகிவிட்டதே என்று இவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீரகத்தைக் காக்கும் இன்னொரு மாத்திரையான டாபாகிளிஃப்ளோசின், காப்புரிமை முடிந்த பிறகு விலை நன்றாக இறங்கிவிட்டது. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும் கிடைக்கிறது. டாக்டர் எழுதித் தராமல் வலி மாத்திரை மட்டும் வேண்டாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்.

டயாலிசிஸ் வரை போய்விட்டால்? 2016 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த தேசிய டயாலிசிஸ் திட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மாவட்ட மருத்துவமனைகளில் இலவசம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை செலவை அரசு ஏற்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் செல்லும், மாற்று சிறுநீரக அறுவை சிகிச்சையும் இதில் அடக்கம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். சுகர் என்று தெரிந்த உடனேயே இந்த அட்டையை வாங்கி வைத்துவிடுங்கள். படுத்த பிறகு சான்றிதழுக்கு அலைவது கொடுமை. வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகள் மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கே வரும்.

அப்புறம், அதிகம் தெரியாத சலுகைகள் இரண்டு. டயாலிசிஸுக்கோ மாற்று அறுவைக்கோ ரயிலில் போகும் நோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் கட்டணத்தில் 75 சதவீதம் தள்ளுபடி. ரயில்வே தந்திருக்கும் படிவத்தில் மருத்துவமனை டாக்டரின் கையெழுத்து வேண்டும். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்கான சிகிச்சைச் செலவில் 40,000 ரூபாய் வரை, மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம் வரை, வருமான வரிக் கழிவும் உண்டு. ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான், அதுவும் சிறப்பு மருத்துவர் எழுதிய சீட்டு கையில் இருந்தால்.